கையால் செய்த ஆர்ச்டாப் கிதார்: சொல்லிச் செய்ய வைப்பவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிதார் செய்பவருக்கு நான் எழுதிய முதல் மின்னஞ்சலில் இருபத்தெட்டுக் கேள்விகள் இருந்தன. எந்த மரம், எத்தனை மில்லிமீட்டர், எந்த வார்னிஷ், எந்த ட்யூனர் என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து சேர்த்தவை. மூன்று நாள் கழித்து வந்த பதிலில் அதில் ஒன்றுக்குக்கூட விடை இல்லை. பதிலுக்கு அவர் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். உட்கார்ந்து வாசிப்பீர்களா, நின்றா? உங்களோடு கூட யார் வாசிப்பார்கள்? இப்போது கையில் இருக்கும் கிதாரில் எது பிடிக்கவில்லை?

அப்போது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இவருக்கு விஷயம் தெரியாதோ என்றுகூட நினைத்தேன். இன்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் அந்த மூன்று கேள்விகளைத்தான் முதலில் கொடுக்கிறேன். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். உங்கள் கையையும் காதையும் பற்றி உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இந்த வேலையில் உங்கள் பங்கு அதுதான்.

நான் டொராண்டோவில் இருக்கிறேன். வாரக் கடைசியில் ஒரு சின்ன ஸ்விங் ஜாஸ் குழுவில் ரிதம் கிதார் வாசிக்கிறேன். கீழே எழுதியிருப்பது ஒரு கிதாரைச் சொல்லிச் செய்ய வைத்து, அதற்கு முன் ஒரு தடவை ஏமாந்தும் போன ஒருவனின் கணக்கு.

முதலில்: உங்களுக்கு வேண்டியது இதுதானா?

வயலினைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் ஆர்ச்டாப் பாதி புரிந்துவிடும். மேல்பலகை வளைந்து மேடாக இருக்கும். வட்டத் துளைக்குப் பதில் இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளை. கம்பிகள் குதிரை என்கிற மரத்தாங்கி மேல் ஏறி, பின்னால் இருக்கும் டெயில்பீஸில் போய் முடியும். குதிரை ஒட்டப்படுவதில்லை, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. சாதாரண அக்கூஸ்டிக் கிதாரில் குதிரையைப் பலகையோடு ஒட்டியிருப்பார்கள், கம்பி அதை முன்னோக்கி இழுத்து முறுக்கும். இங்கே கம்பி கீழ்நோக்கி அழுத்துகிறது. 12 அளவுக் கம்பி ஆறையும் சுருதி கூட்டினால் மொத்த இழுவிசை எழுபது கிலோவுக்கு மேல். அதில் ஒரு பங்கு குதிரையின் இரண்டு கால் வழியாகப் பலகையில் இறங்குகிறது. அதைத் தாங்கத்தான் அந்த வளைவு. ஓட்டுக்கட்டிடத்தின் வளைவு வாசல் மாதிரி.

இந்த அமைப்பின் சத்தமும் வேறு. அடித்தவுடன் எழும்பும், சீக்கிரம் அடங்கும். 1890-களில் மிச்சிகனின் கலமசூ ஊரில் ஆர்வில் கிப்சன் மரத்தைக் குடைந்து வளைவு செதுக்க ஆரம்பித்தார். 1922-ல் கிப்சன் கம்பெனியில் லாயிட் லோர் மேற்பார்வையில் வந்த எல்-5 கிதாரில்தான் எஃப் துளை வந்தது. அப்போது மேடையில் கிதாருக்கு ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, கிடையாது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் குழுவில் கிதார் சத்தம் வெட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். 1934-ல் வந்த சூப்பர் 400 பதினெட்டு அங்குல அகலம். விலை நானூறு டாலர், அதையே பெயராக வைத்துவிட்டார்கள். கவுன்ட் பேசியின் ஜாஸ் குழுவில் 1937 முதல் 1987-ல் இறக்கும்வரை ரிதம் வாசித்த ஃப்ரெடி கிரீனைக் கேளுங்கள். கிதார் தனியாகக் காதில் விழாது. அது இல்லாவிட்டால் குழுவே தள்ளாடும்.

நீங்கள் விரல் நுனியால் மெதுவாக வாசிப்பவர், ஒரு சுரம் நீண்டு கரைய வேண்டும் என்றால், நல்ல ஃப்ளாட்டாப், அதாவது தட்டையான மேல்பலகை உள்ள சாதாரணக் கிதார், பாதி விலையில் அதைத் தரும். ஆம்பில் செருகி வாசிக்கும் வழுவழுப்பான ஜாஸ் சத்தம்தான் வேண்டும் என்றால், அதற்குக் குடைந்த பலகையே தேவையில்லை. 1949-ல் வந்த கிப்சன் இஎஸ்-175-ன் மேல்பலகை அழுத்தி வளைத்த பிளைவுட்தான், எத்தனையோ பெரிய ஜாஸ் கலைஞர்கள் அதில்தான் வாசித்தார்கள். கடையில் குறைந்த விலைக்குத் தொங்கும் ஆர்ச்டாப்களில் பெரும்பாலானவை இந்த ரகம். கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் அது வேறு வாத்தியம். முழுத் தடிப் பலகையைக் குடைந்து செய்த, ஆம்ப் இல்லாமல் அறையை நிரப்புகிற கிதார் வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு மேலே போங்கள்.

எழுதுவதற்கு முன் நாலு கிதாரைத் தொடுங்கள்

ஒன்றும் வாசித்துப் பார்க்காமல் சொல்லிச் செய்ய வைக்காதீர்கள். பழைய கிதார் விற்கும் கடைக்குப் போய்க் கேட்டால், வாங்கமாட்டீர்கள் என்று தெரிந்தும் எடுத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். குறைந்தது நாலாவது வாசியுங்கள். ஒரு நண்பரை அழைத்துப்போய், அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். ஆர்ச்டாப் சத்தத்தை முன்னோக்கி எறிகிறது, மடியில் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் மெலிதாகவே கேட்கும். நான் மடியில் வைத்துக் கேட்டு "சத்தமே இல்லை" என்று ஒதுக்கிய ஒரு கிதாரை, என் நண்பர் வாசிக்கும்போது கடையின் அந்தக் கோடியிலிருந்து கேட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கூடவே ஒரு டேப்பும் அளவுகோலும் எடுத்துப்போங்கள். பிடித்த கிதாரில் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை) அகலம், உடம்பின் அடி அகலம், ஆழம், நட்டிலிருந்து குதிரைவரை கம்பியின் நீளம் நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். நெக், அதாவது உலோக ஃப்ரெட்டுகள் பதித்த கழுத்து, எப்படி இருந்தது என்பதை மட்டும் எண்ணால் சொல்ல முடியாது. "முதல் ஃப்ரெட்டில் தடிமனாக இருந்தது, கட்டைவிரல் வலிக்கவில்லை" என்று உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். செய்பவருக்கு அந்த வாக்கியம் பத்து மில்லிமீட்டர் கணக்கைவிட உதவும்.

அப்புறம் உங்கள் குழு வாசிப்பதைப் போனில் பதிவு செய்து வையுங்கள். மேடைப் பதிவோ ஸ்டூடியோ பதிவோ வேண்டாம், அறையில் வாசித்தது போதும். என்னிடமிருந்து அவருக்குப் போன எல்லாவற்றிலும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த ஐந்து நிமிடப் பதிவைத்தான்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

இதுதான் உண்மையான முடிவு. மற்றதெல்லாம் இதற்குக் கீழே.

ஸ்காட் சினரி என்ற அமெரிக்க சேகரிப்பாளர் 1990-களில் ஒரு வேடிக்கை செய்தார். இருபத்திரண்டு பேரிடம், ஆளுக்கு ஓர் ஆர்ச்டாப் செய்து தரச் சொன்னார். நிபந்தனை இரண்டுதான்: பதினெட்டு அங்குல அகலம், எல்லாம் ஒரே நீல நிறம். வந்த கிதார்கள் பிறகு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. படங்களைப் பாருங்கள். அளவும் நிறமும் ஒன்று, ஆனால் ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. ஒருவருடையது பாட்டன் காலத்து மேளக்காரர் மிடுக்கு, இன்னொருவருடையது நாளைக்கு வரப்போகிற சாமான் மாதிரி. அளவை எழுதிக் கொடுத்தால் கிதார் வந்துவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தக் கலை கையிலிருந்து கைக்குத்தான் வந்திருக்கிறது. நியூயார்க்கின் கென்மேர் தெருவில் பட்டறை வைத்திருந்த ஜான் டி'ஆஞ்சலிகோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிதார்கள் செய்தவர். 1964-ல் அவர் இறந்ததும் அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்த ஜிம்மி டி'அக்விஸ்டோ பட்டறையைத் தொடர்ந்தார். பிறகு குருவின் அலங்காரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டு, உலோக டெயில்பீஸுக்குப் பதில் கருங்காலியில் செய்து, தன் வழியில் போனார். இருவரும் ஐம்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தார்கள். டொராண்டோவின் லிண்டா மேன்சர் 1980-களில் டி'அக்விஸ்டோவிடம் போய்க் கற்றுக்கொண்டவர். நீங்கள் பார்க்கும் ஆள் இவ்வளவு பெயருள்ளவராக இருக்க வேண்டியதில்லை. யாரிடம் கற்றார், எத்தனை ஆர்ச்டாப் செய்திருக்கிறார் என்று கேட்கலாம், தப்பே இல்லை. எண்ணிக்கையைக் கேட்கும்போது "ஆர்ச்டாப்" என்று அழுத்திக் கேளுங்கள். ஃப்ளாட்டாப் கிதார் நூறு செய்தவருக்கு வளைவு செதுக்குவது முதல் தடவையாக இருக்கலாம்.

நான் கேட்டதில் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: "பத்து வருஷத்துக்கு முன் நீங்கள் செய்த கிதார் ஒன்றை நான் பார்க்க முடியுமா?" புதுக் கிதார் எல்லாமே பளபளக்கும். பத்து வருஷம் கம்பியின் அழுத்தத்தைத் தாங்கிய பிறகு வளைவு அமுங்கியிருக்கிறதா, நெக் நிமிர்ந்து நிற்கிறதா, துளை ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இதற்குத் தயங்குகிறவரிடம் நான் கொடுக்கமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் "செய்துடலாம்" என்கிறவரிடமும் கொஞ்சம் யோசியுங்கள். என்னுடையவரிடம் பதினெட்டு அங்குலம் கேட்டேன். "உங்கள் கை நீளத்துக்கு வேண்டாம்" என்றார். அப்போதுதான் இவரிடம் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அளவுகள்

உடம்பின் அடி அகலம் பெரும்பாலும் 16, 17 அல்லது 18 அங்குலம். பதினேழு என்பது பழைய பெரிய குழுக்களின் நடு அளவு. பதினாறு மடியில் சுகமாக உட்காரும், குரல் நெருக்கமாக இருக்கும். பதினெட்டில் அடித்தொனி பெரிது. ஆனால் வலது தோள் மேலே தூக்கியபடியே இருக்கும், இரண்டு மணி நேரக் கச்சேரியில் அது தெரியும். உட்கார்ந்தா நின்றா என்று அவர் கேட்டது இதற்காகத்தான். ஆழம் மூன்று அங்குலத்திலிருந்து மூன்றேகால், மூன்றரை அங்குலத்துக்குள் இருக்கும்.

கம்பி நீளம் 25 அங்குலமா 25.5 அங்குலமா என்பது அரை அங்குல வித்தியாசம்தான். கையில் வேறு மாதிரி இருக்கும். 25.5-ல் கம்பி இறுக்கம், சத்தத்தில் வெட்டு அதிகம். சின்னக் கைகளுக்கு 25, ஏன் 24.75 கூட நல்லது. நட் அகலம் 43 அல்லது 44.5 மில்லிமீட்டர். பிக் என்கிற சின்னத் தகட்டை வைத்து ரிதம் வாசிப்பவர்களுக்கு 43 போதும், விரலால் வாசிப்பவர்கள் 44.5 கேட்பார்கள்.

கட்அவே, அதாவது மேல் ஃப்ரெட்டுகளைக் கை எட்டுவதற்காக உடம்பில் வெட்டும் வளைவு, வேண்டுமா என்று கேட்பார்கள். பதினான்காவது ஃப்ரெட்டுக்கு மேல் நீங்கள் எத்தனை தடவை போகிறீர்கள்? நான் போவதே இல்லை. அழகுக்காக வைத்துக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

மரம்

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ், பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் மேப்பிள், நெக்குக்கும் மேப்பிள். வயலின்காரர்களிடமிருந்து வந்த ஏற்பாடு இது, நூறு வருஷமாகப் பெரிதாக மாறவில்லை. ஐரோப்பிய ஸ்ப்ரூஸ், சிட்கா, எங்கல்மன், அடிராண்டாக் என்று வகைகள் உண்டு. மின்னஞ்சலில் இதைப் பற்றி மட்டும் நான் எட்டுக் கேள்வி கேட்டிருந்தேன். நேரில் போனபோது அவர் அலமாரியிலிருந்து இரண்டு பலகைகளை எடுத்தார். இரண்டுமே சிட்கா. ஒன்றின் மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்டினார். தெளிவாக ஒரு சுரம். அடுத்ததைத் தட்டினார், அட்டைப்பெட்டியைத் தட்டிய மாதிரி இருந்தது. "ஒரே மரவகைதான்" என்றார். அதோடு என் எட்டுக் கேள்வியும் முடிந்தது.

மேப்பிளின் புலிவரி அழகு. ஆனால் வரி அதிகமாக இருப்பதால் சத்தம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அது கண்ணுக்கு. ஆழமான வரி வேண்டுமென்றால் அதற்குத் தனி விலை கேட்பார்கள்.

விரல்பலகை, குதிரை, டெயில்பீஸ், பிக் உரசாமல் பலகையைக் காக்கும் பிக்கார்டு எல்லாம் வழக்கமாக எபனி, நாம் கருங்காலி என்கிற மாதிரியான கருப்பு மரம். சிலர் அதற்குப் பதில் இந்தியன் ரோஸ்வுட் வைப்பார்கள். நீலகிரிப் பக்கத்தில் ஈட்டி என்பார்களே, அதே மரம்தான். வெளிநாட்டுக் கிதார்க் கடையில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சிரிப்பு வரும். இந்த ரோஸ்வுட் இன மரங்கள் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டீஸ் என்கிற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறின, விற்பனைக்காக எல்லை தாண்டும் ரோஸ்வுட் கிதார்களுக்குக் காகிதம் கேட்டார்கள். 2019 நவம்பர் முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை, அது 1992 முதலே கடுமையான பட்டியலில் இருக்கிறது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கேட்காதீர்கள். பழைய யானைத்தந்த நட், ஆமையோட்டு பிக்கார்டு எதுவும் வேண்டாம். மாட்டு எலும்பு நட் போதும். சிப்பி வேலைப்பாடு வைத்தால், கிதாரோடு நாடு விட்டு நாடு போகிறவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது, பிக்கப்

பலகைக்கு அடியில் இரண்டு மரச்சட்டங்கள் ஓடும். அவை இணையாக ஓடினால் சத்தம் முன்னோக்கிக் கூராக வெட்டும், ரிதம்காரனுக்கு நல்லது. ஒன்றையொன்று குறுக்கே வெட்டி எக்ஸ் மாதிரி இருந்தால் சத்தம் அகன்று, கொஞ்சம் நீண்டு நிற்கும், தனியாக வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும். இது பொதுவிதி. செதுக்குகிறவர் கை இதைப் புரட்டிப்போடும். இங்கேதான் அவருடைய இரண்டாவது கேள்வி, கூட யார் வாசிப்பார்கள் என்பது, வேலை செய்கிறது. எங்கள் குழுவில் டிரம்ஸும் கிளாரினெட்டும் உண்டு என்றதும் அவர் இணைச்சட்டம் என்று முடிவு செய்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் கருவி) வேண்டும் என்றால் பலகையில் ஓட்டை போட விடாதீர்கள். நெக் நுனியிலோ பிக்கார்டிலோ தொங்கும் மிதவைப் பிக்கப் வைக்கலாம், பலகையைத் தொடாது. பலகையை வெட்டிப் பதித்த பிக்கப்பின் எடையே அந்தப் பலகையின் அசைவைக் கட்டிப்போடும். கிப்சன் 1951-ல் எல்-5-ன் மின்சார வடிவத்தில் அப்படித்தான் செய்தார்கள். பலகையைத் தடியாகச் செய்து ஆம்பில் கத்தவிடாமல் தடுப்பதுதான் அதன் நோக்கம். உங்களுக்கு அது வேண்டாம். இன்னொன்று: காந்தப் பிக்கப் வெண்கலக் கம்பியைச் சரியாக எடுக்காது. மேடையில் பிக்கப்பையே நம்பியிருப்பவர் நிக்கல் சுற்றிய கம்பிக்குப் போக வேண்டியிருக்கும், அப்போது ஆம்ப் இல்லாத சத்தம் மங்கும். இரண்டும் முழுதாகக் கிடைக்காது. மைக் வைத்துச் சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

பணமும் காகிதமும்

நான் ஏமாந்த கதை இங்கேதான் வருகிறது. முதல் தடவை நான் கொடுத்த ஆள், பெயர் வேண்டாம், முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டார். தள்ளுபடி தருகிறேன் என்றார். கொடுத்தேன். ஒன்றரை வருஷம் "மரம் காய்கிறது" என்ற பதில் வந்தது. அப்புறம் பதிலே வரவில்லை. பணத்தில் பாதி வந்தது, கிதார் வரவில்லை. தப்பு என் மேலும்தான். காகிதத்தில் ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை.

ஆகவே, முன்பணம் கொஞ்சம், செதுக்க ஆரம்பிக்கும்போது ஒரு பகுதி, கம்பி மாட்டி நீங்கள் வாசித்துப் பார்த்த பிறகு மீதி என்று பிரியுங்கள். முன்பணம் திரும்ப வராது என்று சொல்வது வழக்கம், அது நியாயம்தான், உங்களுக்காக ஓர் இடத்தை அவர் ஒதுக்கி வைக்கிறார். ஆனால் தொகை எவ்வளவு, எந்த நிலையில் எது போகும் என்பது எழுத்தில் இருக்கட்டும். கூடவே எழுத வேண்டியவை: மரவகை, அளவுகள், பிக்கப், பெட்டி சேர்த்தா இல்லையா, யார் செலவில் அனுப்புவது, எந்த மாதத்துக்குள் ஆரம்பிப்பார். முடியும் தேதியை யாரும் உறுதியாகத் தரமாட்டார்கள், தந்தால் சந்தேகப்படுங்கள். ஆரம்பிக்கும் தேதியைக் கேளுங்கள்.

கையால் முழுதும் செய்யும் நல்ல ஆர்ச்டாப்புக்கு ஆயிரங்களில் டாலர் ஆகும், பெரிய பெயர்களிடம் பதினாயிரங்களில் போகும். வேலை நூறு மணி நேரத்தைத் தாண்டும் என்று கணக்குப் போட்டால் விலை அவ்வளவு கண்ணைக் கட்டாது. பட்ஜெட் இடித்தால் சிப்பி வேலைப்பாட்டையும், கம்பி முறுக்கும் தங்க முலாம் ட்யூனரையும், கழுத்தோரப் பட்டைகளையும் வெட்டுங்கள். பலகையிலும் செதுக்கும் நேரத்திலும் கை வைக்காதீர்கள். டி'அக்விஸ்டோவின் கடைசிக் காலக் கிதார்களில் அலங்காரமே இல்லை, அவற்றைப் பார்த்து யாரும் ஏழ்மை என்று சொல்லவில்லை.

காத்திருக்கும்போது

வாரத்துக்கொரு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். மாதம் ஒரு படம் அனுப்பச் சொல்லி முன்னாலேயே பேசிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. நடுவில் மனம் மாறினால், செதுக்குவதற்கு முன்பாகச் சொல்லுங்கள். உடம்பை ஒட்டிய பிறகு "பதினாறு அங்குலமாக்க முடியுமா" என்றால் முடியாது.

முடிந்தால் ஒரு தடவையாவது பட்டறைக்குப் போங்கள், மேல்பலகை செதுக்கும் நாளில் போனால் அதிர்ஷ்டம். நான் போன அன்று, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளை இழைப்புளியால் பலகையின் உள்பக்கத்தை அவர் இழைத்துக்கொண்டிருந்தார். நாலு இழைப்பு, அப்புறம் தூக்கிப் பிடித்துத் தட்டிக் கேட்பது. திரும்ப நாலு இழைப்பு. தரையெல்லாம் வெள்ளைச் சுருள். நடுவில் ஆறு மில்லிமீட்டர் அளவில் தடிமன் விட்டு, விளிம்பை நெருங்க நெருங்க மூன்றுக்கு இறக்குகிறார். கட்டைவிரலால் விளிம்பை அழுத்திக் காட்டினார், பலகை ஒரு இமைப்பொழுது கொடுத்துத் திரும்பியது. "இங்கேதான் சத்தம் இருக்கு" என்றார். எந்த இடத்தில் நிறுத்துவது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நிறுத்தாமல் இரண்டு பலகையைக் கெடுத்தால் தெரியும்" என்றார்.

ஒட்டுவதற்கு அவர் வஜ்ஜிரம் காய்ச்சி வைத்திருந்தார். வாசனை எனக்கு நம் ஊர் தச்சுப்பட்டறையை ஞாபகப்படுத்தியது. பின்னால் ரிப்பேருக்குச் சூடும் ஈரமும் காட்டினால் பிரியும் என்பதால் வஜ்ஜிரம் நல்லது. எல்லாரும் பயன்படுத்துவதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

நெக் வடிவத்தை முடிக்கும் முன் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். இதற்காக மட்டும் ஒரு நாள் பயணம் போவது தகும். வார்னிஷ் ஏறாத நெக்கைக் கையில் பிடித்து, இங்கே இன்னும் கொஞ்சம் என்று சொல்ல முடிகிற ஒரே சந்தர்ப்பம் அது. முடியாதவர்கள், பழக்கப்பட்ட கிதாரின் நெக் சுற்றளவை முதல், ஐந்தாவது, பத்தாவது ஃப்ரெட்டில் நூலால் அளந்து அனுப்பலாம்.

வார்னிஷ் பற்றி ஒரு வரி: நைட்ரோ லாக்கரோ, அரக்கில் செய்யும் பிரெஞ்ச் பாலிஷோ, மெலிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். லாக்கர் காய வாரக்கணக்கில் ஆகும், அதை அவசரப்படுத்தாதீர்கள்.

வாங்கும் நாள்

முதல் பத்து நிமிடம் யாருக்கும் அறிவு வேலை செய்யாது. எனவே கிதாரை வாசித்துக் கொண்டாடிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திரும்பப் பாருங்கள்.

குதிரையின் கால்கள் பலகை வளைவோடு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அடியில் ஒரு தாள் நுழைந்தால் வேலை முடியவில்லை. ஒவ்வொரு கம்பியிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் தொட்டு எடுக்கும் மணிச்சுரமும் சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒன்றாக வர வேண்டும். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் வாசியுங்கள். சலிப்புதான், செய்யுங்கள். செத்த சுரம், சலசலப்பு இருந்தால் அப்போதே சொல்லுங்கள். குதிரைச் சக்கரத்தைத் திருகி உயரம் மேலும் கீழும் போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கிதார் முதல் வருஷத்தில் கொஞ்சம் அசையும், அந்த இடம் தேவைப்படும். ஒரு வருஷம் கழித்து ஒரு தடவை சரிசெய்து தருவது விலையில் அடங்கியதா என்று கேளுங்கள்.

கூரியரில் வந்தால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, டெயில்பீஸுக்கும் குதிரைக்கும் அடியில் துணி வைத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் உடனே திறக்காதீர்கள். குளிர்காலமானால் ஒரு நாள் வீட்டுச் சூட்டில் அப்படியே கிடக்கட்டும்.

வீட்டில்

ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானி போட்டு வையுங்கள். டொராண்டோவில் ஜனவரியில் ஹீட்டர் ஓடும்போது வீட்டுக்குள் இருபதுக்குக் கீழே இறங்கும். அப்போது பலகை சுருங்கும், வளைவு அமுங்கும், கம்பி தாழ்ந்து சலசலக்கும், கவனிக்காவிட்டால் நார் வழியே பிளக்கும். ஈரம் கூடினால் நேர்மாறாக வளைவு எழும்பிக் கம்பி உயரும்.

கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும். எனக்கு அது தெரியும், ஆனாலும் டிசம்பரில் சென்னைக்கு எடுத்துப்போனபோது அவசரத்தில் ஆறையும் கழற்றினேன். குதிரை மயிலாப்பூர் வீட்டு மொசைக் தரையில் உருண்டது. எந்த இடத்தில் நின்றது என்று அடையாளம் இல்லை. பலகையில் மெலிதாகத் தெரிந்த கால்தடத்தைத் தேடி, ட்யூனரை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க நகர்த்தினேன். அத்தைக்கு நான் என்ன செய்கிறேன் என்றே புரியவில்லை. இப்போது கம்பி மாற்றும் முன் குதிரைக் கால் ஓரத்தில் எளிதில் உரியும் பேப்பர் டேப் ஒரு துண்டு ஒட்டிவிடுகிறேன். லாக்கர் புதிதாக இருந்தால் டேப்பும் வேண்டாம், ஒரு அட்டையில் அளவெடுத்து வையுங்கள்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. சென்னை ஈரத்தில் கம்பி எழும்பி விரல் நோக ஆரம்பித்தது, நான் சக்கரத்தை இறக்கினேன். ஊர் திரும்பியதும் கிதார் முழுக்கச் சலசலத்தது. பயந்துபோய் அவரிடம் எடுத்துப்போனேன். முதலில் அவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எவ்வளவு திருகினீர்கள் என்று கேட்டார், தெரியாது என்றேன். சக்கரத்தைத் திருப்பி ஏற்றிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டினார். அது இன்னும் அங்கே இருக்கிறது: "சென்னை: இரண்டு சக்கரமும் அரைச் சுற்று கீழே. திரும்பி வந்ததும் மேலே. எண்ணிக்கொள்ளவும்."